ஆந்தூரியம்: இலை மட்டும் வருகிறது, பூ வருவதில்லை, இலை நுனியும் கருகுகிறது

மாடக்குழி (கேள்வி)

வணக்கம். வீட்டுக்குள் 15 செ.மீ. தொட்டியில் இருக்கும் சிவப்பு ஆந்தூரியம் பற்றிய சந்தேகம். வாங்கும்போது ஐந்தாறு பூக்கள் இருந்தன. அவை ஒவ்வொன்றாகப் பச்சையாகி வாடின. அதன் பிறகு ஏறக்குறைய ஒரு வருடமாகப் பூவே கிடையாது. விவரங்கள் இவை:

இடம்: கூடம். கிழக்குப் பார்த்த சன்னலிலிருந்து எட்டடி தள்ளி. சன்னலுக்கு மெல்லிய வெள்ளைத் திரை உண்டு.
கலவை: வாங்கியபோது இருந்ததேதான், மாற்றவில்லை. பார்க்க கோகோபீட் (தென்னை நார்த்தூள்) மாதிரி இருக்கிறது.
தண்ணீர்: இரண்டு நாளுக்கு ஒருமுறை ஒரு டம்ளர் குழாய்த் தண்ணீர். டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்பின் அளவு, லிட்டருக்கு மில்லிகிராமில்) 640.
உரம்: பூ வரவைக்கும் உரம் என்று கடையில் கொடுத்த 10:52:10 (நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாஷ் விகிதம்), மாதம் ஒருமுறை, லிட்டருக்கு 2 கிராம்.
தினமும் காலையில் இலைகள் மேல் தண்ணீர் தெளிப்பதுண்டு.

புது இலைகள் வருகின்றன, ஆனால் காம்பு ஒல்லியாக நீண்டு சாய்கிறது. இலை நுனிகள் பழுப்பாகக் காய்கின்றன. தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிந்திருக்கிறது. இரண்டு தடவை குட்டி மொட்டு தெரிந்தது. ஒரு அங்குலம்கூட வளராமல் காய்ந்துபோனது.

உரத்தைக் கூட்டலாமா? தொட்டியைப் பெரிதாக்க வேண்டுமா? இல்லை, வாங்கும்போது மட்டும் பூத்துவிட்டு அதோடு முடிகிற செடியா இது?

கணுமொட்டு

முடிகிற செடி இல்லை. சரியான இடத்தில் வைத்தால் வருடம் முழுக்கப் பூக்கும், இதற்கென்று தனிப் பருவம் கிடையாது. உரத்தைக் கூட்ட வேண்டாம், இப்போதைக்கு அடியோடு நிறுத்துங்கள். பூ வராததற்குக் காரணம் வெளிச்சம். நுனி கருகுவதற்குக் காரணம் உப்பு. இரண்டும் வேறு வேறு பிரச்சினைகள். உப்பைப் பற்றி இங்கே விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள், நான் பூவை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

ஆந்தூரியத்தின் கணக்கு எளிமையானது: ஓர் இலைக்கு ஒரு பூ. வளர்ந்த செடியில் ஒவ்வொரு இலைக்காம்பும் தண்டோடு சேரும் இடத்தில் ஒரு பூமொட்டு இருக்கும். புது இலை வந்தால்தான் புது மொட்டு. ஒரு பூவை வெட்டிவிட்டால் அதே இடத்தில் மறுபடி வராது. நல்ல சூழலில் ஒரு தண்டு வருடத்துக்கு ஆறு முதல் எட்டு இலை விடும், பூவும் அதிகபட்சம் அவ்வளவுதான். உங்கள் செடி இலை விடுகிறது, மொட்டும் எட்டிப் பார்க்கிறது. அப்படியானால் செடிக்குப் பூக்கத் தெரியாமல் இல்லை. கையில் சரக்கு இல்லாததால் பாதியில் கைவிடுகிறது. இளம் இலையும் மொட்டும் ஒரே நேரத்தில் உணவு கேட்கும்போது இலைதான் முதலில் எடுத்துக்கொள்ளும். மிச்சம் இருந்தால்தான் மொட்டுக்கு. வெளிச்சம் குறைந்த இடத்தில் அந்த மிச்சம் வராது, மொட்டு ஒரு சென்டிமீட்டரிலேயே காய்ந்துவிடும். காம்பு நீண்டு சாய்வதும் வெளிச்சத்தைத் தேடுகிற அறிகுறிதான்.

பண்ணைகளில் நிழல்வலைக்குக் கீழே 10,000 முதல் 20,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வரை கொடுத்து வளர்க்கிறார்கள். வீட்டுக்குள் அவ்வளவு தேவையில்லை, ஆனால் பகலில் பல மணி நேரம் 5,000 லக்ஸாவது கிடைக்காமல் ஒழுங்காகப் பூக்காது. சன்னலிலிருந்து எட்டடி தள்ளி இருந்தால் சில நூறுதான் வரும். நம் கண்ணுக்கு அந்த இடம் வெளிச்சமாகத்தான் தெரியும். கண் தன்னைச் சரிசெய்துகொள்ளும், இலைக்கு அந்த வசதி இல்லை. கைப்பேசியில் லக்ஸ் அளக்கும் செயலி ஒன்றை இறக்கிச் செடி இருக்கும் இடத்திலும் சன்னலருகிலும் அளந்து பாருங்கள். எண் துல்லியமாக இருக்காது, ஆனால் இரண்டு இடங்களுக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்துவிடும். செயலி இல்லாவிட்டால் நண்பகலில் செடியிருக்கும் இடத்தில் வெள்ளைத்தாளை வைத்து, 30 செ.மீ. மேலே கையை நீட்டுங்கள். விரல்கள் தனித்தனியாகத் தெரியும் கூர்மையான நிழல் என்றால் நேரடி வெயில், இலை பொசுங்கும். ஓரம் மங்கலாக, ஆனால் கை என்று அடையாளம் தெரிந்தால் சரியான இடம். நிழலே விழவில்லை என்றால் செடி உயிரோடு இருக்கும், அவ்வளவுதான்.

திரையை அப்படியே விட்டு, சன்னலிலிருந்து ஒன்றரை அடிக்குள் கொண்டுவாருங்கள். ஒரே நாளில் வேண்டாம். எட்டடி, ஐந்தடி, மூன்றடி, ஒன்றரை என்று இரண்டு மூன்று வாரத்தில் நகர்த்துங்கள். இருட்டில் உருவான இலைகளுக்கு வெயில் பழகாது, நடுவில் வெளுத்துக் காகிதம் போல் ஆகிவிடும். அப்படி ஆன இலை திரும்பப் பச்சையாகாது. இடம் சரியானதா என்பதைப் புதிதாக வரும் இலையைப் பார்த்துச் சொல்லலாம். குட்டையான, தடித்த காம்போடு நடுத்தரப் பச்சையில் வந்தால் சரி. கரும்பச்சையாக நீண்ட காம்போடு வந்தால் இன்னும் போதவில்லை. மஞ்சள் கலந்த வெளிறிய பச்சை என்றால் அதிகம்.

சன்னலோரம் முடியாதென்றால் விளக்கு. 4,000 முதல் 6,500 கெல்வின் வரையுள்ள சாதாரண வெள்ளை எல்இடியே போதும், ஊதா நிற விளக்கு வேண்டாம். ஆனால் எந்த வடிவம் என்பது முக்கியம். ஒளி கீழ்நோக்கி மட்டும் விழும் 20 வாட் விளக்கைச் செடிக்கு 30 செ.மீ. மேலே தொங்கவிட்டால் 5,000 லக்ஸுக்கு மேல் கிடைக்கும். அதே வாட்டில் உருண்டை பல்பை மாட்டினால் முக்கால்வாசி ஒளி சுவருக்கும் கூரைக்கும் போய், இரண்டாயிரத்தைக்கூடத் தொடாது. தினமும் 12 மணி நேரம், டைமர் வைத்து.

உப்புக்கோடு

கணுமொட்டு சொன்னதோட தொடர்ச்சியா தண்ணி விஷயம் மட்டும் சொல்றேன்.

உங்க தண்ணி 640. அதுல லிட்டருக்கு 2 கிராம் உரம் கலந்தா 2,000 மில்லிகிராம் கூடுது. மொத்தம் 2,600 தாண்டிடுச்சு. ஆந்தூரியம் காட்டுல பெரும்பாலும் மரத்துமேல ஒட்டி வளர்ற வகை. வேர் மழைத்தண்ணிக்குப் பழகினது, கிட்டத்தட்ட உப்பே இல்லாத தண்ணி. இப்படிப்பட்ட வேருக்கு 2,600 ரொம்ப அதிகம்.

அதைவிட மோசமான விஷயம் அந்த 'ஒரு டம்ளர்' முறை. கொஞ்சமா ஊத்தினா அடித்துளை வழியா எதுவும் வெளியே வராது. தண்ணி ஆவியாகும், உப்பு உள்ளேயே தங்கும். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமா சேரும். விளிம்புல படிஞ்ச வெள்ளை அதுதான். இலை நுனிக்குத்தான் தண்ணி கடைசியா போய்ச்சேருது, உப்பும் அங்கதான் தேங்கும். அதான் நுனி மொதல்ல கருகுது.

செய்ய வேண்டியது:

மேலாக ஒரு சென்டிமீட்டர் கலவையைச் சுரண்டி எறிங்க. தொட்டியை வாளிமேல தூக்கி வெச்சு, உப்பு குறைஞ்ச தண்ணியை மெதுவா ஒன்றரை லிட்டர் ஊத்துங்க. கால் மணி நேரம் விடுங்க. மறுபடி ஒன்றரை. இப்படி நாலு தடவை. இடைவெளி விடுறது ஏன்னா, ஒட்டியிருக்கிற உப்பு கரையறதுக்கு நேரம் வேணும். ஒரேயடியா ஆறு லிட்டர் கொட்டினா பாதி ஓரமா ஓடிப்போயிடும். டிடிஎஸ் மீட்டர் வெச்சிருக்கீங்கதானே, கீழ வடியற தண்ணியையும் அளந்துபாருங்க. மொதல்ல ஆயிரக்கணக்குல காட்டும். ஊத்துற தண்ணியோட அளவுக்குப் பக்கத்துல, ஒரு நூறு கூடுதல்வரைக்கும் வந்ததும் நிறுத்துங்க.

இனிமே ஊத்துற தண்ணி: மழைத்தண்ணி கிடைச்சா அதுதான் மொதல். இல்லாட்டி ஒரு பங்கு குழாய்த்தண்ணி, மூணு பங்கு ஆர்.ஓ. தண்ணி கலந்துக்கோங்க. 640ஐ இப்படிக் கலந்தா 180 பக்கம் வரும். வெறும் ஆர்.ஓ. தண்ணியை மாசக்கணக்குல ஊத்தாதீங்க, அதுல கால்சியமும் இருக்காது. கால்சியம் இல்லைன்னா புது இலை சுருண்டு கோணலா வரும், பூமடலோட ஓரம் பழுப்பாகும். ஜனங்க அதையும் உப்புன்னு நினைச்சு இன்னும் அதிகமா ஆர்.ஓ. ஊத்துவாங்க. கொதிக்கவெச்சு ஆறவெக்கிறது, ராத்திரி முழுக்கத் திறந்துவெக்கிறது, ரெண்டும் கரைஞ்ச உப்பைப் பெரும்பாலும் எடுக்காது. திறந்துவெச்சா குளோரின் வாசனை போகும், அவ்வளவுதான்.

எப்ப ஊத்தணும்னு நாள் கணக்கு வேண்டாம். விரலை மூணு சென்டிமீட்டர் உள்ளவிட்டா ஈரம் தெரியக்கூடாது, தொட்டியைத் தூக்கினா லேசா இருக்கணும். அப்ப ஊத்துங்க. ஊத்தினதுல அஞ்சுல ஒரு பங்காவது கீழ வடியணும். வடிஞ்சதைத் தட்டுல நிக்க விடாதீங்க.

உரம் ஆறு வாரம் கழிச்சு. அந்த 10:52:10ஐ இந்தச் செடிக்குத் தொடாதீங்க. பாஸ்பரஸைக் கொட்டினா பூ வரும்ங்கறது லேபிள்ல மட்டும்தான் உண்மை. அதிகமான பாஸ்பரஸ் இரும்பு, துத்தநாகம் ரெண்டையும் செடி எடுக்க முடியாம பண்ணிடும். 19:19:19 லிட்டருக்கு அரை கிராம். ரெண்டு வாரம் கழிச்சு கால்சியம் நைட்ரேட் அரை கிராம். திரும்ப 19. மாத்தி மாத்தி. ரெண்டையும் ஒரே புட்டியில அடர்த்தியா கலக்காதீங்க, கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்து சுண்ணாம்பு மாதிரி அடியில படிஞ்சிடும், செடிக்கு எதுவும் போகாது. எப்சம் உப்பு (மெக்னீசியம் சல்பேட்) அரை கிராம், மாசம் ஒருதரம், தனியா. காஞ்ச கலவையில உரத்தண்ணி ஊத்தாதீங்க. மொதல்ல வெறும் தண்ணி, அப்புறம் உரம்.

வேர்முடிச்சு

மேலே இருவரும் சொன்னது சரி. ஆனால் ஒரு வருடமாக அதே நர்சரிக் கலவையில் இருக்கும் செடியைக் கழுவி மட்டும் காப்பாற்ற முடியுமா என்பதில் எனக்குச் சந்தேகம். முதலில் தொட்டியிலிருந்து உருவிப் பாருங்கள்.

இந்தச் செடிகள் ஆய்வகத்தில் திசு வளர்ப்பில் உருவாகின்றன. குட்டி நாற்றுகளை விரல் நீளப் பஞ்சுக்கட்டியிலோ வலைத்துணி சுற்றிய பீட் கட்டியிலோ வளர்த்து, அப்படியே பெரிய தொட்டிக்கு மாற்றுவார்கள். அந்தக் கட்டி செடியின் கழுத்துக்கு நேர் கீழே கடைசிவரை இருக்கும். சுற்றியுள்ள கலவை காய்ந்த பிறகும் அது மட்டும் ஈரமாகவே இருக்கும். நர்சரியின் வெளிச்சத்திலும் சூட்டிலும் பாதகம் இல்லை, செடி வேகமாகக் குடித்துவிடும். கூடத்தின் மங்கலில் குடிப்பது குறைகிறது, கட்டிக்குள் வேர் அழுகத் தொடங்குகிறது. வேர் அழுகினாலும் இலை நுனி காயும், மொட்டும் கருகும். மேலிருந்து பார்த்து உப்பா அழுகலா என்று சொல்ல முடியாது.

நல்ல வேர் வெள்ளை அல்லது வெளிர்மஞ்சளாக, கடினமாக இருக்கும். நுனி பச்சை கலந்திருக்கலாம். அழுகியது பழுப்பாகி, இரு விரலால் இழுத்தால் மேல்தோல் உறைபோல் கழன்று உள்ளே நூல் மாதிரி ஒன்று மிஞ்சும். நாற்றமும் வரும்.

கணுமொட்டு

வேர்முடிச்சு, உருவிப் பார்ப்பது சரி. ஆனால் வேர் நன்றாக இருந்தால் இடமாற்றம், உப்புக் கழுவல், தொட்டி மாற்றம் மூன்றையும் ஒரே வாரத்தில் செய்வது எனக்கு உடன்பாடில்லை. எது பலன் கொடுத்தது என்றும் தெரியாது, செடியும் இரண்டு மாதம் ஸ்தம்பித்துவிடும். வேர் நன்றாக இருந்தால் கழுவி, சன்னலோரம் நகர்த்தி, இரண்டு புது இலை வந்த பிறகு மாற்றலாம்.

வேர்முடிச்சு

வேர் நன்றாக இருந்தால் அப்படியே செய்யலாம், எதிர்ப்பில்லை. அழுகல் தெரிந்தால் காத்திருக்கக் கூடாது. அப்போது கழுவுவதே அழுகலுக்கு இன்னும் தண்ணீர் ஊற்றுவதாகும்.

தழைநோக்கு

எல்லோரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். அந்தக் காலைத் தெளிப்பை இன்றே நிறுத்துங்கள்.

இலையில் தெளித்தால் காற்றின் ஈரப்பதம் சில நிமிடங்களுக்குத்தான் கூடும். இழப்போ பெரியது. ஆந்தூரியத்துக்கு வரும் மிக மோசமான நோய் பாக்டீரியா இலைக்கருகல். சாந்தோமோனாஸ் என்ற பாக்டீரியா. 1980களில் ஹவாய் தீவுகளின் ஆந்தூரியம் பண்ணைகளைப் பெரிதும் சீரழித்தது இதுதான். காலையில் இலை ஓரங்களில் செடி தானாகவே முத்துமுத்தாக நீர் கசியவிடும். அந்தத் துளைகள் வழியாகத்தான் பாக்டீரியா உள்ளே போகிறது. நாம் தெளிக்கும் நீர் ஓர் இலையிலிருந்து அடுத்த இலைக்கு, ஒரு செடியிலிருந்து அடுத்த செடிக்கு அதைக் கொண்டுபோகிறது. குணப்படுத்த மருந்து இல்லை. தண்டுக்குள் இறங்கிவிட்டால் தொட்டியோடு எறிய வேண்டியதுதான்.

உங்கள் இலையில் இருப்பது அதுவா என்று பார்க்க: இலையைத் திருப்பி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். ஓரத்தில் எண்ணெய் பட்டது போல் ஒளி ஊடுருவும் புள்ளிகள், சுற்றி மஞ்சள் வளையம், ஒழுங்கற்று உள்நோக்கிப் பரவுதல் என்றால் நோய். நுனியில் மட்டும் உலர்ந்த ஒரே சீரான பழுப்பு, எண்ணெய்த்தன்மை இல்லை என்றால் உப்பு அல்லது வேர்க்கோளாறு. நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் இரண்டாவதுதான். இருந்தாலும் சோதியுங்கள். கத்தரிக்கோலை ஒவ்வொரு செடிக்கும் இடையே 70 சதவீத ஆல்கஹாலில் துடைப்பது இதற்காகத்தான்.

ஈரப்பதம் 50 சதவீதத்துக்கு மேல் இருந்தால் இந்தக் கலப்பின ரகங்களுக்குப் போதும். அறை அதைவிட வறண்டிருந்தால் நான்கைந்து செடிகளை ஒன்றாக நெருக்கி வையுங்கள், அல்லது ஈரப்பதத்தைக் கூட்டும் கருவி வையுங்கள். தண்ணீர் ஊற்றிய கூழாங்கல் தட்டைத் தொட்டிக்குக் கீழே வைப்பதால் பெரிய பலன் இல்லை, கெடுதலும் இல்லை. ஏசி காற்று நேராகப் படுகிற இடம் வேண்டாம். 15 டிகிரிக்குக் கீழே போனால் வளர்ச்சி நின்றுவிடும், 10ஐ நெருங்கினால் இலையில் கருந்திட்டுகள் விழும். மேல்பக்கம் 30 வரை பிரச்சினை இல்லை. 35ஐத் தாண்டினால் மடலின் நிறம் வெளுக்கும்.

மாடக்குழி

அனைவருக்கும் நன்றி. அளந்து பார்த்தேன். நண்பகலில் செடி இருக்கும் இடத்தில் 210 லக்ஸ். சன்னலோரம், திரைக்கு இந்தப் பக்கம் 5,400. இவ்வளவு வித்தியாசம் என்று கண்ணால் பார்த்துச் சொல்லவே முடியாது.

இலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாயிற்று, எண்ணெய்ப் புள்ளி எதுவும் இல்லை, நுனி மட்டும் உலர்ந்திருக்கிறது.

செடியை உருவியதில் வேர்முடிச்சு சொன்ன கட்டி அப்படியே உள்ளே இருக்கிறது. பஞ்சு மாதிரி, பிழிந்தால் தண்ணீர் வருகிறது. ஒரு தொட்டியில் ஒன்றல்ல, மூன்று செடிகள். கட்டிக்குள் இருக்கும் வேர்கள் பழுப்பு, தோல் கழன்று வருகிறது. வெளிப்பக்க வேர்களில் பாதிக்கு மேல் வெள்ளையாக உறுதியாக இருக்கின்றன. தண்டு கலவைக்கு மேலே ஐந்தாறு செ.மீ. மொட்டையாக நிற்கிறது, அதில் குட்டைக் குட்டையாகக் காற்று வேர்கள். மூன்றையும் பிரிக்க வேண்டுமா?

வேர்முடிச்சு

அப்படியென்றால் இப்போதே மாற்றிவிடுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். சாறு தோலில் பட்டால் அரிக்கும், கண்ணில் படக்கூடாது.

முதலில் கலவை. 1 முதல் 2 செ.மீ. அளவுள்ள பைன் மரப்பட்டை அல்லது தென்னை மட்டைத் துண்டு இரண்டு பங்கு. பெர்லைட் (எடை குறைந்த வெள்ளை எரிமலைக்கல் துகள்) ஒரு பங்கு. கழுவிய கோகோபீட் ஒரு பங்கு. மரக்கரித் துண்டு அரைப் பங்கு. மட்டைத் துண்டும் கோகோபீட்டும் இயல்பிலேயே உப்பு கொண்டவை. இரவு முழுக்க ஊறவைத்துத் தண்ணீரை மாற்றி, வடியும் நீரின் டிடிஎஸ் 200க்குக் கீழே வரும்வரை அலசுங்கள். தோட்ட மண் துளிகூட வேண்டாம். இந்த வேர்களுக்குத் தண்ணீரைவிடக் காற்று முக்கியம். கலவையை நனைத்துக் கையில் இறுக்கிப் பிடித்துத் திறந்தால் உருண்டையாக நிற்காமல் உதிர வேண்டும்.

வேர்க்கட்டியை வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவிட்டு, பஞ்சைக் கையால் பிய்த்துப் பிய்த்து எடுங்கள். நல்ல வேர் பஞ்சுக்குள் நுழைந்திருந்தால் அந்தத் துணுக்கை விட்டுவிடலாம், முழுவதும் எடுக்கப்போய் வேரை அறுக்க வேண்டாம். ஆனால் கழுத்துக்கு நேர் கீழே உள்ள கட்டி போயே ஆக வேண்டும். அழுகிய வேர்களை நல்ல பகுதி தெரியும்வரை ஆல்கஹாலில் துடைத்த கத்தியால் வெட்டுங்கள்.

மூன்று செடிகளும் தாமாகப் பிரிந்து வந்தால் பிரியுங்கள். பின்னிக்கொண்டிருந்தால் விட்டுவிடுங்கள். வலுக்கட்டாயமாகப் பிரித்தால் மிச்சமிருக்கும் நல்ல வேரில் பாதி போய்விடும், ஒரு தொட்டியில் மூன்று இருந்தால் பூவும் மூன்று மடங்கு.

தொட்டி பெரிதாக வேண்டாம். வெட்டிய பிறகு வேர் குறைந்துதான் இருக்கும், அதே 15 செ.மீ. போதும், 13 கூடச் சரி. வேர் எட்டாத கலவை காயாமல் கிடந்து மறுபடி அழுகலைக் கொண்டுவரும். மொட்டைத் தண்டு கலவைக்குள் போகும்படி ஆழமாக நடுங்கள். அந்தக் காற்று வேர்கள் ஈரம் பட்டதும் நீண்டு உண்மையான வேராகிவிடும், இதுதான் உங்களுக்குக் கிடைத்த அதிர்ஷ்டம். எல்லை ஒன்று உண்டு: அடி இலையின் காம்பு தொடங்கும் இடத்துக்குக் கீழேயே நிறுத்துங்கள். புது இலை வெளிவரும் குருத்து மூடிவிட்டால் அழுகிவிடும். செடி ஆடாமல் நிற்க ஒரு குச்சி கட்டுங்கள். ஆடினால் புது வேர் பிடிக்காது.

வேரில் நிறைய வெட்டு இருந்தால், நட்டு ஒருநாள் கழித்து முதல் தண்ணீர் ஊற்றுங்கள். முதல் பத்து நாள் சன்னலிலிருந்து நாலைந்தடி தள்ளியே இருக்கட்டும், பிறகு கணுமொட்டு சொன்னபடி நகர்த்துங்கள். அடியிலுள்ள மஞ்சள் இலைகளை மட்டும் எடுங்கள். பச்சை இலைகளை நுனி கருகியது என்பதற்காக வெட்டாதீர்கள், இப்போது செடிக்கு உணவு அவைதான். கண்ணை உறுத்தினால் கருகிய நுனியை மட்டும், பச்சைக்கு ஒரு மில்லிமீட்டர் முன்னால் நிறுத்தி வெட்டலாம். பச்சையில் வெட்டினால் அங்கிருந்து மறுபடி காயும்.

உப்புக்கோடு

கலவையையே மாத்தறதால நான் சொன்ன நாலு தடவை கழுவல் இப்ப தேவையில்ல. ஆனா தண்ணி கலக்குற கணக்கு அப்படியே இருக்கட்டும். இந்தப் பட்டைக் கலவை கோகோபீட்டைவிட வேகமா காயும், விரல் வெச்சுப் பார்த்து ஊத்துங்க. முழுக்கக் காஞ்சு போச்சுன்னா பட்டை தண்ணியை உறிஞ்சாது, ஊத்தினதெல்லாம் சட்டுனு கீழ வந்துடும். அப்போ தொட்டியை அடியோட தண்ணியில கால் மணி நேரம் வெச்சு எடுங்க.

ஓரிலை

இதே கேள்விதான் எனக்கும், ஆனால் செடி கொஞ்சம் வேறு. பூ சின்னது, இலை குறுகலாக நீளமாக இருக்கும். நடுவிலுள்ள குச்சி நேராக இல்லாமல் சுருள் சுருளாக இருக்கும். 6,000 லக்ஸ் வரை கிடைக்கிறது, வேரும் நன்றாக இருக்கிறது. ஆனாலும் பூ இல்லை. பழைய பூ பச்சையானால் வெட்ட வேண்டுமா என்பதும் தெரியவில்லை.

கணுமொட்டு

உங்களுடையது ஆந்தூரியம் ஷெர்ஸேரியானம், கோஸ்டாரிகா மலைப்பகுதியைச் சேர்ந்தது. மாடக்குழியின் செடி ஆண்ட்ரேயானம் வழி வந்த கலப்பினம், கொலம்பியா, ஈக்வடார் பக்கத்து மழைக்காட்டுச் செடி. பராமரிப்பில் பெரும்பாலும் ஒன்றுதான், பூ வரவைப்பதில் ஒரு வித்தியாசம். சுருள்குச்சி வகைக்கு ஆறு வாரம் போலக் குளிர் காட்ட வேண்டும், 15, 16 டிகிரி அளவில். அந்த நாட்களில் தண்ணீரைக் குறைத்து, உரத்தை நிறுத்தி, பிறகு 20க்கு மேல் உள்ள இடத்துக்கு மாற்றினால் மொட்டுகள் ஒன்றாக வரும். வருடம் முழுக்க ஒரே சூட்டில் இருக்கும் அறையில் இலைதான் போடும். நேர்க்குச்சி வகைக்கு இந்தக் குளிர் வைத்தியம் செய்யாதீர்கள், அது வளர்ச்சியை நிறுத்துவதில்தான் முடியும்.

பச்சையாவது பற்றி: சிவப்பாக இருப்பது பூவே அல்ல, இலை உருமாறிய மடல். உண்மையான பூக்கள் நடுக்குச்சியில் அடுக்கடுக்காக உள்ள நுண்ணிய புள்ளிகள். மடல் ஆறு முதல் எட்டு வாரம் நிறத்தோடு இருந்து, பிறகு பச்சையாவது வயதால். அது நோய் அல்ல. ஆனால் புதிதாக விரியும்போதே பச்சை கலந்து சிறுத்து வந்தால் வெளிச்சம் போதவில்லை என்று பொருள். பச்சையான பழைய பூவை வைத்திருப்பதில் பலனில்லை, காய் பிடித்தால் செடியின் சக்தி அதற்குப் போகும். காம்பின் அடியில் இரண்டு செ.மீ. விட்டு வெட்டுங்கள். மிச்சக் கட்டை காய்ந்து தானே கழன்று வரும். பச்சையாக இருக்கும்போது பிடித்து இழுத்தால் தண்டின் தோலும் சேர்ந்து உரியும், அங்கே அடுத்த காற்று வேர் வரவேண்டிய இடம் இருக்கும்.

தழைநோக்கு

ஓரிலை, பூச்சி இருக்கிறதா என்றும் பாருங்கள். மாவுப்பூச்சி இலைக்காம்பும் தண்டும் சேரும் மடிப்பில், மொட்டு வருகிற அதே இடத்தில்தான் ஒளிந்திருக்கும். மொட்டை உறிஞ்சிவிட்டால் வெளியே தெரியாமலே போய்விடும். பல் துலக்கும் மென்பிரஷை 70 சதவீத ஆல்கஹாலில் தொட்டு அந்த மடிப்புகளைத் துடையுங்கள், ஏழு நாள் இடைவெளியில் மூன்று முறை. முட்டைகள் ஒரே துடைப்பில் சாகாது, அதனால்தான் திரும்பத் திரும்ப. செம்பேன் என்றால் இலையடியில் மெல்லிய வலையும் மேலே ஊசி குத்தியது போன்ற வெளிர் புள்ளிகளும் தெரியும். வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, அதைக் கரைக்க ஒன்றிரண்டு மில்லி சோப்புத் திரவம், வெதுவெதுப்பான தண்ணீரில். மாலையில் இலையடியில் தெளித்து, மறுநாள் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். விரிந்த மடலில் படவேண்டாம், கறை விழும்.

தேயிலைத் தூள், முட்டை ஓடு, பழத்தோல் ஊறிய நீர் எல்லாம் இந்தக் கலவையில் வேண்டாம். பட்டைக்கிடையில் அழுகிக் கொசு போன்ற சிறு ஈக்களை வரவழைக்கும், முட்டை ஓட்டிலுள்ள கால்சியம் கரைந்து வேருக்குப் போக மாதங்கள் ஆகும்.

மாடக்குழி

மாற்றி நட்டாயிற்று. மூன்றும் பின்னிக்கொண்டிருந்ததால் பிரிக்கவில்லை. கடைசியாக மூன்று சந்தேகங்கள். பூ எப்போது எதிர்பார்க்கலாம்? வீட்டில் பூனை இருக்கிறது, பிரச்சினை உண்டா? வெள்ளை படிந்த பழைய மண் தொட்டியை மறுபடி பயன்படுத்தலாமா, இப்போதைக்குப் பிளாஸ்டிக் தொட்டியில் நட்டிருக்கிறது.

வேர்முடிச்சு

முதல் புது இலைக்கு ஆறு வாரம் வரை ஆகலாம். அதற்கு முன் அடி இலை ஒன்றிரண்டு மஞ்சளானால் பதற வேண்டாம், வேர் இழந்ததற்கான கணக்கை அது தீர்க்கிறது. முதல் புது இலையோடு பூ வராமல் போகலாம். இரண்டாவது, மூன்றாவது இலையில் எதிர்பாருங்கள், நான்கு முதல் ஆறு மாதம். புது இலைக்காம்பின் அடிப்பகுதி லேசாகப் புடைத்து, இலைச்சுருளைவிடக் குண்டாக ஒரு முனை வந்தால் அது மொட்டு. அந்த நேரத்தில் செடியைத் திருப்பவோ நகர்த்தவோ வேண்டாம், கலவை முழுக்கக் காயவும் விடாதீர்கள். முதல் பூ சிறியதாகத்தான் இருக்கும்.

பூனை கடிக்கக்கூடாது. இலை, தண்டு, மடல் எல்லாவற்றிலும் ஊசி வடிவக் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் உண்டு. கடித்தால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கும், எச்சில் வடியும். குழந்தைகளுக்கும் இதேதான். சன்னல் விளிம்பு பூனைக்கும் பிடித்த இடம் என்பதால், தொட்டியை மேலே தொங்கவிடும் வழி பாருங்கள். கடித்துவிட்டால் வாயைக் கழுவிவிட்டுக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

பிளாஸ்டிக்கிலேயே இருக்கட்டும். மண் தொட்டி சுவர் வழியாக ஈரத்தை இழுத்து உப்பைத் தன்மேலேயே சேர்த்துக்கொள்ளும், காற்று வேர் அதில் ஒட்டிக்கொண்டால் நுனி கருகும். பழையதை வேறு செடிக்குப் பயன்படுத்த வேண்டுமானால் ஒரு பங்கு வினிகர், மூன்று பங்கு தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்து, நாரால் தேய்த்து, பிறகு வெறும் தண்ணீரில் ஒருநாள் போட்டு எடுங்கள்.